மூச்சில் பிடித்த மிச்சம்

பிரிகிதா அலமாரியின் கடைசி இழுப்பறையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்து, முழங்காலை ஊன்றிக்கொண்டு, கைக்கோடரியால் ஒரே போடு போட்டாள். வார்னிஷ் பூசிய பலகை சடக்கென்று இரண்டாகப் பிளந்தது. மணி எட்டு. விடிந்துவிட்டது என்று கடிகாரம்தான் சொன்னது. சன்னலுக்கு வெளியே ஷிபோவா தெரு பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. ஒரு வாரமாகக் காற்று அசையவில்லை. வீடுகளிலிருந்து கிளம்பிய புகை மேலே போக வழி தெரியாமல் கூரைகளின் மீதே குந்தியிருந்தது. முந்தாநாள் விழுந்த பனியில் கரித்தூள் படிந்து, சாக்கடை ஓரத்துச் சாம்பல் குவியல் எது, பனிக் குவியல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து பலகைத் துண்டுகளை அடுக்கினாள். அவற்றுக்கு இடையில் நசுக்கிய பால் அட்டைப்பெட்டிகள் நான்கு, ஒரு எண்ணெய்ப் புட்டி, அடிப்பாகம் தேய்ந்துபோன ஒரு ரப்பர் செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, கிரீடம் வைத்த மாதிரி, ஒரே ஒரு கரண்டி நிலக்கரி. தீக்குச்சியைக் கிழித்ததும் குபீரென்று பற்றிக்கொண்டது. பச்சையும் மஞ்சளுமாக எழுந்த சுவாலையைப் பார்த்து அவள் திருப்தியோடு கதவைச் சாத்தினாள். அரை வாளி நிலக்கரியில் ஒரு முழு நாள். இந்தத் தெருவில் வேறு யாராலும் முடியாது. முடிந்தவர்களும் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள்தான்.

குளிர்காலம் வந்துவிட்டால் பிரிகிதாவின் வீடு சுருங்கிச் சமையலறை மட்டும் ஆகிவிடும். மற்ற இரண்டு அறைகளையும் பூட்டி, கதவடியில் கிழிந்த கோட்டுகளைச் சுருட்டி அடைத்துவிடுவாள். படுப்பது, உண்பது, துணி உலர்த்துவது எல்லாம் அடுப்பைச் சுற்றித்தான். காலையில் போட்ட தேயிலையை மத்தியானம் இன்னொரு முறை கொதிக்க வைப்பாள். குளித்த தண்ணீர் வாளியில் நின்று கழிப்பறைக்குப் போகும். உருளைக்கிழங்குத் தோல் பக்கத்து வீட்டு முயல்களுக்கு. காய்ந்த ரொட்டியைத் துண்டாக்கி, பூண்டு நசுக்கிப் போட்டு, ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு வைத்து, மேலே கொதிநீரை ஊற்றினால் ஒரு வேளைச் சூப். அந்தச் சூப்பை அவள் மாதிரிச் செய்ய யாராலும் முடியாது என்று பாதிரியார்கூடச் சொல்லியிருக்கிறார்.

"கிதா." அடுப்போரக் கட்டிலில் மூன்று தலையணைகளை முதுகுக்கு அணை கொடுத்து உட்கார்ந்திருந்த அவள் கணவன் அலோயிஸ் கூப்பிட்டான். படுத்தால் மூச்சு முட்டுவதால் அவன் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகி இரண்டு வருஷமாகிறது. "சன்னலை ஒரு விரக்கடை தொறக்கட்டுமா?"

"தொறந்து? இவ்வளவு நேரம் ஏத்தின சூட்டைத் தெருவுக்குத் தானம் பண்ணவா? ஸ்வெட்டரைப் போட்டுக்கோ."

"குளிருக்கு இல்ல. இந்த நாத்தம்..."

"எந்த நாத்தம்? பழைய பலகை எரிஞ்சா கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும். இருபத்தேழு வருஷம் பூமிக்கு அடியில கந்தகத்த முகர்ந்தவனுக்கு இது ஒரு நாத்தமாக்கும்!"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். சுரங்கத் தூசி உள்ளே படிந்த நுரையீரல். டாக்டர்கள் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். போலந்தின் சிலேசியப் பகுதிச் சுரங்க ஊர்களில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. பிரிகிதா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதில் ஒன்றும் குறை வைக்க மாட்டாள்.

ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். காற்று மிக மோசமாக இருப்பதால் வயதானவர்களும் குழந்தைகளும் நோயாளிகளும் இன்று வெளியே வராமல் இருப்பது நல்லது என்றாள்.

"கேட்டுக்கோ. வீட்டுக்குள்ளயே இருன்னு சொல்றா."

"வீட்டுக்குள்ள" என்று அலோயிஸ் திருப்பிச் சொன்னான். அந்தச் சொல்லை அவன் வாயில் போட்டு மென்று பார்ப்பது போல இருந்தது. பிறகு மெள்ள எழுந்து கோட்டை மாட்டினான். "சீட்டாடப் போறேன். சாயங்காலம் வரேன்."

"இந்தக் காத்துலயா? கிளப்புல உக்காந்து அந்தக் கிழவனுங்க விடற சிகரெட் புகைய வேற குடிக்கணுமா?"

கழுத்துத் துண்டை வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினான். போகிற முதுகைப் பார்த்து பிரிகிதா கதவை அவசரமாகச் சாத்தினாள். குளிர் உள்ளே வந்துவிடுமல்லவா.

அவள் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று நினைத்தால் அது அநியாயம். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது எண்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலத்தில். அப்போது போலந்தில் கடைகள் திறந்திருந்தன, ஆனால் அலமாரிகளில் வினிகர் புட்டிகளைத் தவிர எதுவும் இல்லை. கைக்குழந்தையைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு ஒரு புட்டிப் பாலுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவள் அவள். சர்க்கரை கிடைத்த அன்று அழுதிருக்கிறாள். அந்தக் காலத்தில் எதையும் தூக்கி எறியாத கைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. காலம் மாறி, கடைகள் நிறைந்து, மகன் ஜெர்மனிக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. ரொட்டிக் கடை வரிசையில் இளம் பெண்கள் அவளிடம் யோசனை கேட்பார்கள். "பிரிகிதா அக்கா, முட்டைக்கோஸ் தண்டை என்ன பண்றது?" "பிரிகிதா அக்கா, கம்பளி சுருங்கிப்போச்சே?" அவள் ஒவ்வொருத்திக்கும் நின்று சொல்லிக்கொடுப்பாள்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்கு வருஷாவருஷம் இலவசமாக வந்துகொண்டிருந்த நிலக்கரி ஒரு வருஷம் நின்றுபோனது. அந்தக் குளிர்காலத்தில்தான் இது தொடங்கியது. முதலில் உடைந்த நாற்காலி ஒன்று அடுப்புக்குள் போனது. அப்புறம் பெயின்ட் அடித்த வேலிக் கட்டைகள். அப்புறம் ஒரு நாள் பால் அட்டைப்பெட்டி. அது என்னமாய் எரிந்தது! அதன்பின் வீட்டில் குப்பை என்று எதுவும் மிஞ்சவில்லை. யாராவது செத்துப்போய் அவர்கள் வீட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்தால் பிரிகிதா கைவண்டியோடு போய்விடுவாள். கண்டதையும் எரிக்கிறோம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் தோன்றியது. இந்த வித்தையையும் ரொட்டிக் கடை வரிசையில் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே வருஷத்தில் ஷிபோவா தெருவில் பாதி அடுப்புகளில் பச்சைச் சுவாலை எரிந்தது.

பத்து மணிக்கு பக்கத்து வீட்டு ரேஜினா உருளைக்கிழங்குத் தோல் வாங்க வந்தாள். ஒரே செங்கல் கட்டடத்தின் இரண்டு பாதிகளில் இருவரும் முப்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ரேஜினாவின் புருஷன் சுரங்கத்தில் வாயு வெடித்துச் செத்தபோது, அந்தக் குளிர்காலம் முழுக்க பிரிகிதா தினமும் ஒரு தூக்கு நிறையச் சூப் கொண்டுபோய் அவள் வீட்டு அடுப்பில் வைத்துவிட்டு வருவாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ரேஜினா தோல் வாளியை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"கிதா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்கற மாதிரி இருந்தா சொல்லாத."

"உன் புகைபோக்கில தார் மாதிரி கருப்பா வருது. நேத்து வெளியில காயப்போட்ட பேத்தி சட்டையெல்லாம் புள்ளி புள்ளியா ஆயிருச்சு. குழந்த ராத்திரி பூரா இருமுனா. அந்தப் பிளாஸ்டிக்க மட்டுமாவது போடாம இரேன்."

"ஏன், உன் வீட்டுப் புகை மட்டும் சாம்பிராணியா?"

"நான் அப்படிச் சொல்லல. அலோயிஸ் இருமறதும் எனக்குச் சுவர் வழியா கேக்குது. உனக்குக் கேக்கலயா?"

"என் புருஷன் இருமல எனக்கு நீ சொல்லித்தர வேணாம். அது சுரங்கம் குடுத்தது. நான் குடுக்கல."

ரேஜினா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிரிகிதா அடுப்பைத் திறந்து, வீம்புக்கு இன்னும் இரண்டு புட்டிகளை உள்ளே தள்ளினாள்.

ஒரு மணி இருக்கும், கதவு தட்டப்பட்டது. நகராட்சிக் காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் மீசைக்காரர், இன்னொருத்தி கையில் கறுப்புப் பெட்டியோடு ஓர் இளம்பெண்.

"வணக்கம்மா. அடுப்பைப் பாக்கணும். புகார் வந்திருக்கு."

"புகாரா? யார் குடுத்தா?"

"அதை நாங்க சொல்லக் கூடாதும்மா. போன்ல வந்துது."

தெருவில் காவல் வண்டி நிற்பது திறந்த கதவு வழியே தெரிந்தது. எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகியது. அதற்கு அடுத்த வீட்டிலும் விலகியது. பிரிகிதாவுக்கு முகம் எரிந்தது. முப்பது வருஷத்தில் அவள் வாசலுக்குக் காவலர் யாரும் வந்ததில்லை.

இளம்பெண் அடுப்பின் முன் மண்டியிட்டு, சாம்பலைச் சிறிய கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு ஒட்டினாள். சோதனைக்கு அனுப்பும் தேவையே இருக்கவில்லை. அடுப்பின் பக்கத்திலேயே சாக்கு நிறையப் புட்டிகள், மற்றொரு ரப்பர் செருப்பு, வார்னிஷ் பலகைகள்.

"இதெல்லாம் விஷம்மா" என்றார் மீசைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரே வாக்கியத்தை அன்று பத்தாவது முறை சொல்கிற அலுப்புதான் இருந்தது. "வீட்டுல சீக்காளி யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல" என்றாள் பிரிகிதா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அபராதச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். வண்டி முனை திரும்பியதுதான் தாமதம், பிரிகிதா கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"வெளிய வாடி ரேஜினா! வெளிய வா, முகத்தக் காட்டு!"

ரேஜினா கையில் மாவோடு வந்தாள். "என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? முப்பது வருஷம் என் வீட்டு உப்பத் தின்ன கையால போன் பண்ணினியா? காலையில தேன் மாதிரிப் பேசிட்டு மத்தியானம் போலீச அனுப்பறியா?"

"நான் பண்ணல கிதா. சத்தியமா. எனக்குச் சொல்லணும்னா உன் முகத்துக்கு நேரா சொல்லுவேன். சொன்னேனே காலையில."

"நடிக்காத! தெருவுல வேற எவளுக்கு என் அடுப்பு மேல கண்ணு?" தெருவில் கதவுகள் திறந்தன. யாரோ இருமினார்கள். பிரிகிதா அதையெல்லாம் பார்த்தாள். பார்த்த பிறகும் நாக்கு நிற்கவில்லை. "உன் புருஷன் செத்த வருஷம் நீயும் உன் பொண்ணும் எதத் தின்னு பொழைச்சீங்கன்னு நெனச்சுப் பாரு. என் சூப்பு! என் வீட்டு ரொட்டி! நாய்க்கு ஊத்தியிருந்தா அதாவது வால ஆட்டியிருக்கும்!"

சொன்ன பிறகுதான் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. ரேஜினாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனது. கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகு கதவை மூடிக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் மூடினாள்.

பிரிகிதா தன் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். செய்தது சரி என்று தனக்குத்தானே நாலைந்து முறை சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுவை கெட்டது. அலோயிஸ் வரட்டும், அவனிடம் சொன்னால் மனசு ஆறும் என்று காத்திருந்தாள். மூன்றரைக்கே இருட்டு கவிந்துகொண்டு வந்தது. அவன் வரவில்லை. அவன் செல்போன் எடுப்பாரின்றி அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டாட்டக் கிளப்புக்குப் போன் போட்டாள்.

"அலோயிசா?" அங்கே எடுத்தவன் ஆச்சரியப்பட்டான். "அவன் அக்டோபர்லேருந்து இந்தப் பக்கமே வரலியே. உடம்பு முடியலன்னு நெனச்சோம்."

அவள் போனைக் கீழே வைத்ததுமே அது அடித்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அலோயிஸ் அங்கே இருக்கிறார். ஓல்ஷோவாவில் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் மூச்சுவிட முடியாமல் விழுந்து கிடந்தார். ஓட்டுநர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஓல்ஷோவாவா? அங்க காட்டத் தவிர ஒண்ணும் இல்லியே? அவர் எதுக்கு அங்க போனார்?" பிரிகிதா கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் புகையில் மஞ்சளாக ஊறியிருந்தது. பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. தொண்டை காந்தியது. தனியாக நின்றிருந்த பிரிகிதாவின் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தாள். ரேஜினா. கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள்.

"போன்ல கத்தினது கேட்டுது" என்றாள் ரேஜினா, சாலையைப் பார்த்துக்கொண்டு. "நான் உனக்காக வரல. அலோயிசுக்காக வரேன்."

ஒரே பேருந்தில், வேறு வேறு இருக்கைகளில் உட்கார்ந்து இருவரும் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. கண்களின் கீழே தூக்கமில்லாத நீலம். இந்த வாரம் முழுக்க வார்டில் இடமில்லை, நடைபாதையிலும் கட்டில்கள். அவள் பிரிகிதாவிடம் முதலில் கேட்டது அலோயிசின் வயதையோ மருந்தையோ இல்லை.

"வீட்டுல எதை எரிக்கிறீங்க?"

"நிலக்கரி" என்றாள் பிரிகிதா.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். "அவர் நுரையீரல்ல சுரங்கம் விட்டுவெச்சது பாதிக்கும் கம்மி. அந்தப் பாதியும் இந்த ரெண்டு வருஷத்துல போய்ட்டிருக்கு. அதை எங்களால திருப்பிக் குடுக்க முடியாதும்மா. இனிமே அவர் எங்க மூச்சு விடறார்ங்கறதுதான் கணக்கு. போய்ப் பாருங்க, அதிகம் பேச வெக்காதீங்க."

அலோயிஸ் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. உதடுகள் நீலமாக இருந்தன. அவளைக் கண்டதும் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"எதுக்குப் பொய் சொன்ன, கிழவா?" பிரிகிதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும் என்று வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. "சீட்டாடப் போறேன்னு சொல்லிட்டு அந்தக் காட்டுல என்ன வேலை உனக்கு?"

"பஸ்ஸு இலவசம்" என்றான் அவன். ஒரு மூச்சு. "கடைசி ஸ்டாப்புல எறங்குனா... காடு. அங்க ஒரு பெஞ்சு இருக்கு. உக்காந்து மூச்சு விட்டுட்டு வருவேன்."

"தினமுமா?"

"தினமும்."

பிரிகிதா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி குளிர். இந்த மனிதன் அக்டோபரிலிருந்து வீட்டை விட்டு, அடுப்பை விட்டு, காட்டோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மூச்சுவிட்டிருக்கிறான். வேலைக்குப் போகிறவன் மாதிரி ஒழுங்காக, தினமும்.

"போன் பண்ணதும் நான்தான்" என்றான் அலோயிஸ்.

"என்ன போன்?"

"நகராட்சிக்கு. இன்னிக்குக் காலையில. அந்தப் பெஞ்சுல இருந்து."

அவன் சொன்னது புரியாத மாதிரியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில். "நான் உன் பொண்டாட்டிதானே?"

"சொன்னேன் கிதா. ஒவ்வொரு நாளும் சொன்னேன்." அவன் முகமூடியை வைத்து இழுத்துக்கொண்டு, மறுபடி விலக்கினான். "உன்னோட வாதாட நெறைய மூச்சு வேணும். போன்ல... அவ்வளவு வேணாம்."

அது அவன் அந்தக் காலத்தில் பேசும் கேலி மாதிரியே இருந்தது. அதனால் இன்னும் வலித்தது.

"உன்ன மட்டும் குத்தம் சொல்லல" என்றான். "மொத மொத அந்த நாற்காலிய ஒடச்சுக் குடுத்தது நான்தானே. எனக்கும் குளிருதுன்னுதான்." அதற்குமேல் பேச முடியவில்லை. நர்ஸ் வந்து முகமூடியை இறுக்கிவிட்டுப் போனாள்.

பிரிகிதா நடைபாதைக்கு வந்தபோது ரேஜினா மரப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரோரக் கட்டிலில் யாரோ ஒரு கிழவர் நெஞ்சு விசிலடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பிரிகிதா உட்காரவில்லை. ரேஜினாவுக்கு முன்னால் நின்றாள், வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி.

"போன் பண்ணது அவர்தானாம்."

ரேஜினா தலையசைத்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவளுக்கு, எப்பவாவது இப்படி ஆகும்னு தெரியும்."

"நான் உன்னச் சொன்னது..." பிரிகிதா கோட்டு நுனியைத் திருகினாள். "அந்தச் சூப்ப நான் கணக்குக்காகக் குடுக்கல ரேஜினா. குடுத்தத நான் நெனச்சதுகூட இல்ல. இன்னிக்கு எப்படி என் வாயில வந்துதுன்னு தெரியல."

"அந்தச் சூப்பு இல்லாட்டி நாங்க இல்ல. அது நெசம்" என்றாள் ரேஜினா. குரல் கனத்திருந்தது. "அத நீ தெருவுல வெச்சு வாந்தி எடுத்தியே, அதுவும் நெசம். நான் மறக்க நாளாகும் கிதா. ஆகாமலும் போகலாம். இப்ப மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்."

பிரிகிதா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவள் அழுதது சத்தமில்லாமல். எதையெல்லாம் மிச்சம் பிடித்தேன் என்று யோசித்தாள். காசு கொடுத்து வாங்கியும் எரிக்காமல் வைத்த இரண்டு குளிர்காலத்து நிலக்கரி. அதை வைத்து என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. நிலவறையில் அப்படியே குவிந்து கிடக்கிறது, வரப்போகும் ஏதோ ஒரு கெட்ட வருஷத்துக்காக. கெட்ட வருஷம் எப்போதோ வந்து, அடுப்போரக் கட்டிலில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருந்தது. அவள்தான் பார்க்கவில்லை.

"நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் அவர் மூச்சுலேருந்து பிடிச்சது ரேஜினா" என்றாள். "உன் பேத்தி மூச்சுலேருந்தும். நிலக்கரி கொறையுதுன்னு பாத்தேன். வேற எது கொறையுதுன்னு பாக்கவே இல்ல."

ரேஜினா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள். "கத்தினது தெருவுல. அடுப்பு வித்தைய எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தது ரொட்டிக் கடையில. அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் காலையும் காற்று அசையவில்லை. ரொட்டிக் கடையில் வழக்கம்போல வரிசை வாசலுக்கு வெளியே நீண்டிருந்தது. பிரிகிதா வந்ததும் பேச்சு நின்றது. காவல் வண்டியையும் சண்டையையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். சிலர் கீழே பார்த்தார்கள். வரிசையில் நாலாவதாக ரேஜினா நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிகிதா வரிசையின் கடைசியில் போய் நிற்காமல் கடை வாசற்படியில் ஏறினாள். முப்பது வருஷம் இந்தத் தெருப் பெண்களுக்கு யோசனை சொன்ன குரல் அவளை விட்டு எங்கோ போயிருந்தது.

"நேத்து நான் ரேஜினாவ இந்தத் தெருவுல வெச்சு அசிங்கமாப் பேசினேன்" என்றாள். "அவ எந்தத் தப்பும் பண்ணல. போன் பண்ணது என் புருஷன். என் அடுப்புப் புகையில மூச்சு முட்டி, எங்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்லன்னு அவரே போன் பண்ணியிருக்கார். இப்ப ஆஸ்பத்திரில கெடக்கார். பிழைச்சாலும் போன நுரையீரல் திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்க."

கடைக்காரி கையில் ரொட்டியோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, அப்போ அந்தப் பால் பெட்டி..." வரிசையின் முன்னால் நின்ற வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்கதானே சொன்னீங்க, போடலாம்னு?"

"நான்தான் சொன்னேன்மா. தப்பாச் சொன்னேன்." பிரிகிதா அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தை. "ரொட்டிய நீ ஒரு துண்டு கம்மியாத் தின்னா அது சிக்கனம். பழைய கோட்ட இன்னொரு வருஷம் போட்டா அது சிக்கனம். உன் பங்கத்தான் நீ கொறச்சுக்கற. ஆனா காத்து உன் பங்கு மட்டும் இல்ல. அதுல கைய வெச்சு மிச்சம் பிடிச்சா, அதுக்குப் பேரு சிக்கனம் இல்ல, திருட்டு. நான் என் வீட்டுக்காரர்கிட்டயே திருடிட்டேன். நீங்க யாரும் திருடாதீங்க."